பரீது பாயின் பீங்கான் வளையங்கள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் என் கடை இருக்கிறது. சீசன் வந்துவிட்டால் இந்த ரோட்டில் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் தலைக்கு எண்ணெய், துவட்டத் துண்டு, கொறிக்க நேந்திரங்காய் சிப்ஸ். இந்த மூன்றில் ஒன்றையும் நான் விற்பதில்லை. நான் விற்பது தூண்டில். ஊரே குளிக்க வருது, நீங்க மட்டும் மீன் பிடிக்கக் கூப்பிடுதிய என்று என் மனைவி ரூபி சொல்லாத சீசன் இல்லை. அவள் சொல்வதில் நியாயம் இருப்பதால்தான் எனக்குக் கோபம் வரும். கடையில் பாதி இடத்தில் பெயிண்டும் ஆணியும் பைப்பும் வைத்திருக்கிறேன். சோறு போடுவது அதுதான். மீதிப் பாதியில் ராடு, ரீல், நரம்பு, முள், ரப்பர் தவளை. என் சந்தோஷம் அந்தப் பாதியில் இருக்கிறது.

அந்தப் பாதிக்கு வருகிறவர்களில் என்னை அதிகமாகக் கத்த வைத்தவர் கடையநல்லூர் பரீது பாய். அதிகமாகச் சிரிக்க வைத்தவரும் அவர்தான்.

முதல் நாள் அவர் கடைக்குள் நுழைந்தபோது, ஜன்னல் திரைக்கு மாட்டுகிற கம்பி வாங்க வந்திருக்கிறார், அளவுக்கு வீட்டுக் கம்பியைக் கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையில் நீளமாக ஒரு சாக்குச் சுருள். சாக்கைப் பிரித்தார், உள்ளே பழைய போர்வை. போர்வையைப் பிரித்தார், உள்ளே குமிழ் குமிழான பாலிதீன். அதற்குள் துணிப்பை. பையிலிருந்து வெளியே வந்தது ஒரு தூண்டில் ராடு. கைப்பிடியில் கம்பெனி போட்ட கவர்கூட இன்னும் கிழியவில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன். வாங்கிய மாதிரியே இல்லை, அவ்வளவு லேசு. நல்ல கார்பன் ராடு. இந்த ஊரில் இப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து, கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். ஒரு சின்ன வெள்ளை வளையம் உருண்டு விழுந்தது.

“ஒரே ஒரு தடவைதான் வே வீசினேன். கழண்டு விழுந்துட்டு. இது என்ன சாமான்?”

தூண்டில் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ராடின் முதுகில் அடியிலிருந்து நுனிவரை சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். ரீலிலிருந்து கிளம்புகிற நரம்பு அந்த வளையங்களுக்குள் நுழைந்து நுழைந்துதான் நுனிக்குப் போகும். ஒவ்வொரு வளையத்துக்கும் கம்பியில் ஒரு சட்டம், சட்டத்துக்குக் கால், காலை ராடோடு சேர்த்து நூலால் சுற்றிப் பசை பூசியிருப்பார்கள். சட்டத்துக்குள்ளே வழவழப்பாக ஒரு பீங்கான் வட்டம். கடலுக்குப் போகிற கனத்த ராடில் இதெல்லாம் தடியாக இருக்கும். ஏறி மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. லேசான ராடில் அப்படி வைக்க முடியாது. மேலே கனம் ஏறினால் ராடு லேசாக இருந்து என்ன பயன்? அதனால் கம்பி மெல்லிசு, வட்டம் மெல்லிசு. இடித்தால் வளையும், வளைந்தால் வட்டம் தெறிக்கும். குளத்து வண்டல் ஒட்டிய நரம்பு ஓடி ஓடி நுனி வளையத்தில் கோடு விழும். கோடு விழுந்தால் நரம்பு அறுபடும். அப்போது வளையத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதை நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அவருடைய வளையம் தெறித்ததற்குக் காரணம் மீனுமில்லை, வீச்சுமில்லை. அத்தனை உறையும் போட்டு வண்டியில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதில் கம்பி வளைந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். பத்திரப்படுத்தியே உடைத்திருக்கிறார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தேய்கிற சாமானை ஒருத்தன் எதற்காகச் செய்கிறான், அதை இன்னொருத்தன் எதற்காக விற்கிறான் என்று என்னிடம் கேட்டார். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். ரூபி உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் டீ கொண்டு வந்து வைத்தாள். இப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது.

அவருடையது தறிக்காரர் வீடு. வாப்பா நெய்தவர், பெரியவாப்பா மக்கள் இன்றைக்கும் நெய்து நன்றாகவே இருக்கிறார்கள். பரீது பாய்க்கு நூலைத் தொட்டால் தரம் தெரியும், முடிச்சுப் போடக் கை தானாகப் போகும். ஆனால் மீசை நன்றாக அரும்பிய வயதில் சார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அங்கே இருபத்தாறு வருடம் ஒரே வேலை. மிஷின் உதிரிச் சாமான் வைக்கிற பெரிய கோடவுனில் ஸ்டோர் கீப்பர். சாமானைக் கவரில் போட வேண்டும், கவரைப் பெட்டியில் போட வேண்டும், பெட்டியை அலமாரியில் ஏற்ற வேண்டும். கீறல் விழக் கூடாது, துரு ஏறக் கூடாது, தூசி படக் கூடாது. கேட்டு வருகிறவன் வரும்வரை புதுசாகவே இருக்க வேண்டும். அந்த வேலையை அவரைப் போல் யாரும் செய்திருக்க முடியாது.

வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. லீவில் வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். சோபா வந்தால் பாலிதீனோடு இருக்கும். டிவி ரிமோட் கவருக்குள் இருக்கும். தங்க விளிம்பு போட்ட சாப்பாட்டுத் தட்டு செட் ஒன்று, ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் அட்டை வைத்து, அலமாரிக்குள் போனது போனதுதான். திரும்பிப் போன பிறகு போனில் மனைவி ஜன்னத்திடம் நலம் விசாரித்த கையோடு, கவரைப் பிரிக்கலையே என்றும் விசாரிப்பாராம். மகள் ஹம்னா பிறந்தபோது அவர் அங்கே. அவள் நடக்கப் பழகியது, பள்ளிக்கூடம் போனது, பரிசு வாங்கியது எல்லாவற்றுக்கும் அவர் அங்கே. ஒவ்வொன்றுக்கும் இங்கே பெட்டி வந்தது. கோடை காலத்தில் அந்தச் சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் பாலிதீன் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று ஹம்னா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்ஜாவில் அவர் கடலோரத்துக்குப் போவார். அங்கே யார் யாரோ மீன் பிடிப்பார்கள். இவர் பின்னால் நின்று பார்ப்பார். வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார், ஒரு தூண்டில் வாங்கவில்லை. வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று கோடவுன்காரர்கள் சேர்ந்து அந்த லேசு ராடை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை காலத்தில் தனக்கென்று வந்த முதல் சாமான் அதுதான் என்றார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, வளையத்துக்குக் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கினேன், அது வேறு.

போன வருடம் சாரல் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஹம்னாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை அல்தாப், செங்கோட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிற பையன். பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், இப்போ பாய்க்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். மீன் பிடிக்கேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். சபை சிரித்துவிட்டது. பரீது பாய்க்குச் சுருக்கென்றது. கல்யாணம் முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வரும்போது விருந்தில் விரால் குழம்பு இருக்கும், அந்த விராலை என் தூண்டிலில் நான் பிடித்திருப்பேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மறுவீட்டு விருந்து சாதாரணமில்லை. இலையில் எது இருந்தது, எது இல்லை என்பதை இரண்டு வீட்டுக்காரர்களும் வருடம் முழுக்கப் பேசுவார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். விரால் என்ன, கூப்பிட்டால் வருகிற மீனா? தாமரை இலைக்கு அடியில் கிடக்கிற பொல்லாத மீன். வாய்ச்சவடாலுக்கு ஒரு அளவு வேண்டாமா என்று கேட்டேன். அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எல்லாத்துக்கும் நான் பெட்டி அனுப்புனவன் வே. இது ஒண்ணாவது எங் கையால இருக்கணும்.”

அதற்குப் பிறகு எப்படி நான் கத்துவது?

விராலுக்குப் பழக அவர் தினமும் காலையில் குளத்துக்குப் போக ஆரம்பித்தார். கடையநல்லூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெரியகுளத்தில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. வலை போட யாரையும் விடமாட்டார். தூண்டில்காரர்களை மட்டும் விடுவார். அவர்களைக் கேலி செய்வதுதான் அவருக்குக் காலைப் பலகாரம்.

தினமும் போனால் வளையம் தேயத்தானே செய்யும்? பரீது பாய் அதைத் தாங்கமாட்டார். குளத்திலிருந்து வந்ததும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பருத்தி நூல் ஒன்றை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். நூல் பிசிறு தட்டினால் உள்ளே கோடு விழுந்துவிட்டது என்று அர்த்தம். சரியான சோதனைதான், தறிக்காரர் கைக்குத் தோன்றுகிற சோதனை. ஆனால் பிசிறு தட்டிய அன்றைக்கு அவர் வீட்டில் ஒரு மௌத்து விழுந்த அமைதி இருக்கும் என்று ஜன்னத் சொல்வார். மறுநாள் மாத்திரை டப்பாவோடு என் கடையில் நிற்பார். இது எத்தனை நாள் வரும் வே என்பதுதான் எப்போதும் கேள்வி. நான் என்ன, ஜோசியனா?

கல்யாணம் நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் ராடு. இனிமேல் உம்ம கடைக்கு வளையத்துக்காக வரவேண்டிய வேலை இல்லை என்றார். பார்த்தேன். என் வளையங்களை எல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் பால் வெள்ளையில் தடித்தடியாகப் பீங்கான் வளையம் கட்டியிருந்தார்.

பெரியவாப்பா மக்கள் தறிக்குப் பாவு ஓட்டுகிற மிஷினில், ஒவ்வொரு நூல்கண்டிலிருந்தும் வருகிற நூல் ஒரு பீங்கான் வளையத்துக்குள் நுழைந்துதான் போகும். அவருடைய வாப்பா காலத்திலிருந்து லட்சக்கணக்கான கஜம் நூல் அவற்றுக்குள் ஓடியிருக்கிறது; ஒரு கீறல் இல்லை. அதில் மிச்சம் கிடந்ததைக் கேட்டு வாங்கி, கஞ்சி போட்ட பாவு நூலால் ராடில் வைத்துச் சுற்றி, மேலே இரண்டு கோட் பசையும் பூசிவிட்டார். கட்டு என்றால் கட்டு! ஒரு இழை ஏறவில்லை, இறங்கவில்லை. நூல் நுழைத்து இழுத்துக் காட்டினார். வெண்ணெயில் போகிற மாதிரிப் போனது. என் பேரன் காலத்துக்கும் தேயாது என்றார். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

ராடை வாங்கிக் கையில் பிடித்தேன். நுனி தரையைப் பார்த்துத் தொங்கியது.

மறுநாள் காலை நானும் அவரோடு பெரியகுளத்துக்குப் போனேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பரீது பாய் பிஸ்மி சொல்லி, முழு வேகத்தில் வீசினார். இரையாகக் கட்டிய ரப்பர் தவளை அவர் காலடியிலிருந்து இரண்டு எட்டு தள்ளித் தொப்பென்று விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி அதே இடம். கரையில் உட்கார்ந்திருந்த சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, தவளைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கியளா பாய் என்று கேட்டார். எப்படியோ ஒரு தடவை தவளை தாமரை ஓரம்வரை போனது. தண்ணீர் கலங்கியதை நான் பார்த்தேன், அண்ணாச்சி பார்த்தார். விரால் தவளையை வாயில் வாங்கி, பிடிக்காமல் துப்பிவிட்டுப் போனதைக்கூடப் பார்த்தோம். ராடு கையில் இருந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கனத்த வளையங்களைத் தாண்டி அவர் கைக்கு எந்தச் சேதியும் வந்து சேரவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. அவர் குளத்தைக் குறை சொன்னார், தவளையைக் குறை சொன்னார், கடைசியில் என்னைக் குறை சொன்னார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்து, ஹம்னா செங்கோட்டைக்குப் போய், மறுவீட்டுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். விருந்துக்கு முந்திய நாள் காலை கடைக்கு வந்து, வேறு தவளை இருக்கிறதா என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பீங்கானை எடுத்துப் போடுங்க பாய், நீங்க கையில வச்சிருக்கது ராடு இல்ல, உலக்கை என்று சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் ராடைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனார். அவர் பதிலுக்குக் கத்தாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று மத்தியானம் ஜன்னத் போன் செய்தார். அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். புறப்படும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று லேசு வளையம் ஒரு செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாலிதீன் சோபாவில் நான் உட்கார்ந்ததும் அது படபடவென்று சத்தம் போட்டது. எதிரில் பரீது பாய். நடுவில் தரையில் அந்தத் தங்க விளிம்புத் தட்டுகள். ஜன்னத் அலமாரியிலிருந்து இறக்கி அட்டையை எல்லாம் உருவிக்கொண்டிருந்தார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு இதில்தான் சாப்பாடு என்று அவர் சொல்லியிருக்கிறார். தேய்த்துக் கழுவினால் விளிம்பு போய்விடும், ஓட்டலில் வாடகைக்குத் தட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். சந்தையில் விரால் வாங்கிவிடலாம் என்ற பேச்சும் நடந்திருக்கிறது. அதற்கு மட்டும் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறார்.

ஜன்னத் ஒரு தட்டை முந்தானையால் துடைத்தபடியே, சிரித்த முகமாகத்தான் அதைச் சொன்னார்.

“தட்டுக்குக் கவர், சோபாவுக்குக் கவர், இப்போ கம்புக்கும் பீங்கான். என்னையும் அப்படித்தான வச்சிருந்திய? இத்தனை வருசமா தேயாம, கீறல் விழாம, அப்படியே புதுசா இருக்கேன். யாருக்கு என்ன பிரயோசனம்?”

சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பரீது பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கணக்கு தன் வீட்டில் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சாக்குச் சுருளோடும் ஷேவிங் பிளேடோடும் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். முதல் கட்டின்மேல் பிளேடை வைத்து, தானே சுற்றிய நூலைத் தானே அறுக்க ஆரம்பித்தார். பீங்கான் வளையங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. நான் சட்டைப் பையில் கைவிட்டு என் வளையங்களை எடுத்து வைத்தேன்.

மூன்று பேரும் உட்கார்ந்து கட்டினோம். ஜன்னத் ராடைச் சுழற்றிக் கொடுத்தார், பாய் நூலை இழுத்துப் பிடித்தார், வளையம் கோணாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது என் வேலை. எல்லாம் முடிந்தபோது உண்மையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. இதற்கு மேல் பசை பூசினால் நாளைக் காலைக்குள் காயாது. ஈரப் பசையோடு வீச முடியாது. பசை இல்லாமல் வெறும் நூல் கட்டு ரொம்ப நாள் நிற்காது என்றேன். எத்தனை நாள் வரும் என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன்.

“நாளைக்கு ஒரு மீன் வரைக்கும் நின்னாப் போதும் வே” என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் குளத்துக்கரையில் நின்றேன். மலைப் பக்கமிருந்து சாரல் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. தூரத்தில் அவருடைய வண்டி வந்தது. பின்னால் ஜன்னத் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ராடு, உறையில்லாமல், நெட்டுக்கு நிமிர்ந்து, நுனி காற்றில் ஆட வந்துகொண்டிருந்தது. வீட்டில் பிரியாணிக்கு ஆள் இருக்கிறது, மீன் பிடிபடுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றாராம். சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி துண்டை உதறிப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவரும் கேலி பேசவில்லை.

பரீது பாய் வீசினார். தவளை எங்கள் தலைக்கு மேலே போய், தாமரைக் கூட்டத்தையும் தாண்டி விழுந்தது. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார், வேறு யாரோ வீசியதைப் போல. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாரல் தலையில் இறங்கி முதுகில் வழிந்தது, யாரும் நகரவில்லை. வீசி இழுத்தார், வீசி இழுத்தார். ஒரு இலை ஓரத்தில் தவளையைக் கொஞ்சம் நிறுத்தி மெல்ல அசைத்தபோது, அவர் முதுகு விறைத்ததைப் பார்த்தேன்.

“தெரியுது வே” என்றார் மெதுவாக. “கையில தெரியுது.”

தண்ணீர் வெடித்தது. ராடு பாதிக்கு மேல் வளைந்தது. ரீல் சத்தம் போட்டுக்கொண்டு நரம்பை விட்டது. விரால் இலைக்கு அடியில் போய்ப் படுத்தது, இவர் இழுக்காமல் பிடித்து நின்றார், அது மறுபடி கிளம்பியது. அப்போதுதான் நடுவில் இருந்த கட்டு ஒன்று பிரிந்தது. நூல் அவிழ்ந்து காற்றில் பறந்தது. வளையம் ராடை விட்டுவிட்டு, நரம்பிலேயே வழுக்கிக்கொண்டு போய் அடுத்த வளையத்தில் முட்டி நின்றது.

பாய், வளையம் போவுது என்று அண்ணாச்சி எழுந்து நின்று சொன்னார்.

“போவட்டும்” என்றார் பரீது பாய்.

ஒரு வளையம் தேய்ந்ததற்குச் சாப்பிடாமல் படுத்த மனிதர் அவர். ஜன்னத் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் கையிலிருந்த சின்ன வலையைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மீன் கரைக்கு வந்தபோது முதலில் தலையை வாங்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிவிட்டார். கரும்பச்சையில், முழங்கை நீளத்துக்கு, வலைக்குள் திமிறிக்கொண்டு கிடந்தது. இருவரும் நனைந்துபோய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு வளையமும் அதற்குள் கழன்றிருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

விருந்துக்கு நானும் ரூபியும் போயிருந்தோம். சோபாவில் பாலிதீன் இல்லை. அல்தாப் உட்கார்ந்தவன் அது உள்ளே அமுங்கியதில் பயந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். மாமா, விரால் என்னாச்சு என்று வாசலிலேயே கேட்டிருந்தான். கேலி பண்ணக் கையில் போனைத் தயாராக வைத்திருந்தான். குழம்புச் சட்டி வந்ததும் போனை உள்ளே வைத்துவிட்டான். தங்க விளிம்புத் தட்டுகளில் சோறு விழுந்தது. ஜன்னத் வழக்கப்படி நல்ல நடுத்துண்டை எடுத்து மாப்பிள்ளை தட்டுக்குக் கொண்டு போனார்.

ஹம்னா அதுவரை குனிந்தபடியே இருந்தாள், புதுப்பெண் ஆயிற்றே. வாப்பாவின் கையைப் பார்த்திருக்கிறாள். தூண்டில் நரம்பு அறுத்த விரலில் துணி சுற்றியிருந்தது. அவள் சட்டென்று தன் தட்டை நீட்டி அம்மாவின் கையை மறித்தாள்.

“அவங்களுக்கு வேற துண்டு போடுங்கம்மா. நடுத்துண்டு எனக்கு. இது எங்க வாப்பா பிடிச்சது.”

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அல்தாப்தான் முதலில் சிரித்தான். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. பரீது பாய் மட்டும், இன்னும் சாப்பிட உட்காராதவர், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பீங்கான் வளையங்கள் பெரியவாப்பா வீட்டுப் பாவு மிஷினுக்கே திரும்பிப் போய்விட்டன. அங்கே நூல் ஓடுகிறது. அந்தத் தட்டுகளில் இப்போது தினமும் சாப்பிடுகிறார்கள். விளிம்பில் தங்கம் பாதி போய்விட்டது. பரீது பாய் இன்னும் என் கடைக்கு வளையத்துக்கு வருகிறார். மாத்திரை டப்பா இல்லை, சட்டைப் பையில் அப்படியே போட்டுக்கொண்டு வருகிறார். போன வாரம் நுனி வளையம் ஒன்றை மேசையில் வைத்து, நூல் நுழைத்து இழுத்துக் காட்டினார். நூல் பிசிறு தட்டி முடிச்சு முடிச்சாக நின்றது. உள்ளே கத்தியால் கீறியதுபோல ஆழமாக ஒரு கோடு. இதில் எத்தனை விரால் போயிருக்கு தெரியுமா வே என்று, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

புதுசு இரண்டு எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அவருடைய ராடுக்கு, இன்னொன்று ஜன்னத்துக்கு வாங்கிய ராடுக்கு. எத்தனை நாள் வரும் என்று கேட்பார் என்ற பழக்கத்தில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த ஜன்னத், நேரமாகிறதென்று ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.